கீழே பார்க்காதவர்

அதிர்ஷ்டம் என்ற சொல்லைப் பிரித்தால்
'காணப்படாதது' என்றுதான் வருகிறது.
அதைக் காண
எட்டுக் கேமராக்களோடு வந்திறங்கினார்கள்
கம்பிரியாக் கடலோரம், கார்ல்பெக் என்ற சின்ன ஊருக்கு,
நவம்பரில், மழைக்கு நடுவே.

மனிதர்கள் தங்கள் அதிர்ஷ்டத்தைத் தாங்களே செய்துகொள்கிறார்களா?
வியாழன் இரவு ஒன்பது மணிக்குத் தெரிந்துவிடும்.

மீன் வறுவல் கடை ஐவி ஸ்ட்ராங்
விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள்:
நான் கொடுத்துவைத்தவள், வண்டி நிறுத்தும் இடம்கூட
எனக்காகக் காலியாகும்.
ரோலண்ட் பர்க்கெட்டுக்காக எழுதிப்போட்டது அவர் மைத்துனன்.
ஒரே வரி:
இந்த ஆளுக்கு நல்லது எதுவும் நடந்ததே இல்லை.

இருவரும் நடக்கிற தெருவில்
இருபது பவுண்டுத் தாளைக் கிடத்துவது
கெஸியாவின் வேலை.
குழுவில் இளையவள். கையுறை மறந்து வந்தவள்.
தாளின் முதுகில் ஒரு துண்டு ஒட்டுநாடா,
காற்று கொண்டுபோகாமலிருக்க.
தபால் நிலையத்துக்கும் பந்தயக் கடைக்கும் இடையில்
குந்தி அமர்ந்து ஒட்டிவிட்டு
ஷூ கயிறு கட்டியவள்போல எழுந்து போவாள்.

ஐவிக்குப் பதினோரு விநாடி.
எடுத்தாள், முத்தமிட்டாள், சட்டைக்குள் செருகினாள்,
கேமரா எங்கேயென்று தெரியாமலே
கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

ரோலண்ட் திங்களன்று தாண்டிப்போனார்.
செவ்வாய், மிதித்தே போனார்.
புதனன்று தாளுக்கு அரை அடி தள்ளி நின்று
தும்மினார்.
வேனுக்குள் இயக்குநர் தொடையைத் தட்டிக்கொண்டார்:
வருகிற லட்சுமிக்குக் கதவைச் சாத்துகிறவன் இவன்தான்!
(அவர் சொன்னது வேறு பெயர். பொருள் இதுதான்.)

கெஸியா பார்த்தது அவர் கழுத்தை.
முப்பத்தொரு வருடமாகக்
கூரையோரத் தண்ணீர்த் தூம்புகளைச் சுத்தம் செய்கிற கழுத்து.
பதினான்காம் எண்ணில் ஒரு மரக்கன்று முளைத்திருக்கிறது,
மருந்துக்கடைக்கு மேலே கொக்கி தளர்ந்திருக்கிறது,
ரொட்டிக் கடைத் தூம்பில் கடற்காகம் கூடு வைக்கப் பார்க்கிறது.
தரையில் அவருக்கு என்ன வேலை?

கொடுக்கிற தெய்வம்
கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பது நம் பேச்சு.
அப்படியானால் தெருவிலேயே
சரியான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்
அவர் ஒருவர்தான்.

மேலே எங்காவது வைத்தால் என்ன, என்று கேட்டாள்.
மேலே ஷாட் கிடைக்காது, என்றார் இயக்குநர்.

வெள்ளிக்கிழமை கடல்காற்று.
ஒட்டுமுன்பே விரலை விட்டு எழும்பியது தாள்,
பந்தயக் கடைப் பலகையைத் தொட்டு,
இரண்டாம் மாடிச் சன்னலைத் தொட்டு,
மழைக்குள் போனது.
கணக்கில் இருபது பவுண்டு குறைந்தது.
கெஸியாவின் சம்பளத்திலும் குறைந்தது.
அது நிகழ்ச்சியில் வரவில்லை.

நிகழ்ச்சியில் வந்தவை: ஐவியின் சிரிப்பு,
மெதுவாக்கப்பட்ட வேகத்தில் ரோலண்டின் பூட்ஸ்,
மிதிபடும் தாள்,
பின்னணியில் ஒற்றைப் பியானோ.
மதுக்கடையில் மூன்று வாரம்
அவர் காலடியில் சில்லறை போட்டுப் பார்த்தார்கள்.
அவரும் சிரித்தார். முதல் வாரம்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
ரொட்டிக் கடைக் கூரை, ஏணியின் பதினெட்டாம் படி.
பாசி, ஒரு டென்னிஸ் பந்து, செத்த புறா,
அதற்கடியில் அந்தத் தாள்.
பிளாஸ்டிக் பணம். நனைந்தாலும் கிழிவதில்லை.
முதுகில் நாடா அப்படியே.

நாடாவை நகத்தால் சுரண்டினார்.
கீழே தெருவைப் பார்த்தார், வெகுநேரம்,
ஒவ்வொரு சன்னலாக,
நின்றிருந்த ஒவ்வொரு வேனாக.
யாருமில்லை.
ஒரு நாய் தபால் நிலையத்தை முகர்ந்துகொண்டிருந்தது.

தாளை ஏணிப்படியில் விரித்து
டென்னிஸ் பந்தை மேலே வைத்துவிட்டு
மிச்சமிருந்த பாசியை
வாளியில் அள்ளத் தொடங்கினார்.